கிணற்றுச் சுவர் தாண்டி வந்த ரொட்டி

மலைக்கோட்டையின் அடிவாரத்தில், ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் வளைந்து செல்லும் சந்துகளில் ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. அவ்வீட்டுக் கொல்லையில் இருந்த கிணறு பாதி எங்களுடையது. பாதி அடுத்த வீட்டாருடையது. இரு கொல்லைகளையும் பிரிக்கும் சுவர் கிணற்றின் குறுக்கே மார்பளவு உயரத்தில் சென்றது. இப்புறம் ஒரு ராட்டினம், அப்புறம் ஒரு ராட்டினம். இரண்டு வாளிகளும் இறங்கிய நீர் ஒன்று. கட்டியவர்கள் இதைச் சிக்கனம் கருதியே செய்திருக்கக்கூடும். நானோ, இத்தனை ஆண்டுகள் கடந்த பின்னும், அக்கிணற்றை நினைக்கும்போதெல்லாம் வியந்து ஒரு கணம் நின்றுவிடுகிறேன். என் மாமனாரின் கால் பிழைத்தது அக்கிணற்றின் வழியாகத்தான்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. முசிறிப் பக்கத்து வாழைக் கொல்லைகளை விட்டு நான் அவ்வீட்டுக்கு மருமகளாக வந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனாருக்கு அரிசி மண்டி. வயதான பிறகு வியாபாரத்தை என் கணவர் பார்த்துக்கொண்டார். ஆயினும் புது மூட்டை வந்து இறங்கினால் மாமனாரின் வாய்க்கு ஓர் அரிசி போகாமல் அது விலை பெறாது. ஒரே ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். “லால்குடிப் பக்கம். அறுத்து நாலு மாசம் ஆச்சு. ஒரு மழையில நனைஞ்சிருக்கு” என்பார். மூட்டையைக் கொண்டுவந்தவர் ஆமாம் என்று தலையாட்டுவார். நானும் பலமுறை ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன். ஒருமுறையும் அவர் தவறியதில்லை.

சோறு அவருக்குத் தொழில் மட்டுமன்று, வழிபாடும் அதுவே. தரையில் சிந்திய பருக்கையை மிதிக்கமாட்டார். இலையில் மிச்சம் வைக்கமாட்டார். பசி என்று மண்டி வாசலுக்கு வந்தவரை, யார், எவர் என்று கேட்காமல் ஒரு பிடி அரிசியோடு அனுப்புவார். இவ்வளவு தாராளமான மனிதர், பிறர் வீட்டில் மட்டும் எதையும் உண்ணமாட்டார். காப்பிக் கடைப் பக்கம் திரும்பமாட்டார். நெல் பார்க்க வெளியூர் போனால் கூஜாவில் எங்கள் கிணற்று நீரும், தூக்குவாளியில் என் கைச் சோறும் கூடவே போகும். கொடுப்பதில் பேதம் பார்க்காதவர், கொள்வதில் ஏன் இத்தனை கட்டுப்பாடு வைத்தார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கும் வழக்கமும் அந்நாளில் இல்லை.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது அவருக்கே தெரியாது. ஒரு நாள் கூடத்துத் தரையில் இரத்தத் தடம் இருந்தது. தடத்தைத் தொடர்ந்து போனால் அவருடைய இடது காலில் போய் முடிந்தது. எதையோ மிதித்திருக்கிறார், வலியே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவரிடம் டாக்டர் சொன்னார்:

“ஐயா, இனிமே சோத்தை விட்டுடுங்க. ரெண்டு வேளையும் கோதுமை. அதுவும் அளவா.”

“நான் அரிசி மண்டி வச்சிருக்கேன் டாக்டர்.”

“அதனால என்ன? நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். தினமும் ஊசியா போட்டுக்கறேன்?”

மாமனார் சிரிக்கவில்லை. புண் ஆறாவிட்டால் அடுத்தது பாதம்தான் என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். சனிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கம் சென்று, அத்தனை பிராகாரங்களையும் வெறுங்காலால் கடந்து பெருமாளைச் சேவித்து வருபவர் அவர். பாதம் போன பின் அந்த மனிதர் எப்படி உயிரோடு இருப்பார்?

கோதுமை என்பது அக்காலத்தில் எங்களைப் போன்றோர் வீடுகளில் ரேஷன் கடையில் அரிசியோடு தள்ளிவிடும் ஒரு தானியம். அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. நான் அறிந்த சமையல் முறை ஒன்றே: களைவது, உலையில் இடுவது, வடிப்பது. கோதுமையையும் அவ்வாறே களைந்து உலையில் இட்டேன். இரண்டு மணி நேரம் கொதித்தது. சாம்பார் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, நம்ம வீட்ல மாடு இல்லையே. இது யாருக்கு?”

மறுநாள் மெஷினில் கொடுத்து மாவாக அரைத்து வந்து சப்பாத்தி இட்டேன். அவர் ஒன்றை எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டினார். கணீரென்று ஒலித்தது.

“இதை மண்டிக்கு அனுப்பிடு. எடைக்கல்லு ஒண்ணு கொறையுதுன்னு உன் புருஷன் சொல்லிட்டிருந்தான்.”

பிறகு சிரிப்பு மறைந்தது. “சோத்தைப் போடும்மா. போற உசுரு சோறு தின்னுட்டுப் போகட்டும்” என்றார். போட்டேன். வேறென்ன செய்வேன்? மாலையில் கட்டைப் பிரித்தால் புண் முந்தைய நாளைவிட ஒரு நூல் அளவு அகன்றிருந்தது.

அன்று கிணற்றடியில் நின்று அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த வாளி பாதியில் நின்றது.

“என்ன தங்கச்சி, கெணத்துல தண்ணி கொறைஞ்சிருக்குன்னு நீ கொஞ்சம் ஊத்துறியா?”

அடுத்த வீட்டு அக்கா. அவர்கள் முஸ்லிம் குடும்பம். தங்களுக்குள் உருது பேசுவார்கள், எங்களோடு தமிழ். அவருடைய கணவர் கடைவீதியில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கிணற்றுச் சுவரின் இருபுறமும் நின்று நானும் அக்காவும் ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். ஆனால் ஒருவர் வீட்டுப் பண்டம் மற்றவர் வீட்டுக்கு வந்ததில்லை. மாமனாரின் கட்டுப்பாடு அக்காவுக்கும் தெரியும். நான் நடந்ததைச் சொன்னேன்.

“இவ்ளோதானா? என் வீட்டுக்காரருக்கும் சக்கரைதான். எட்டு வருஷமா ரொட்டியிலதான் ஓடுது. மாவைக் கொண்டா, சொல்லித் தரேன்.”

சொல்லித்தான் தந்தார். சுவரின் மேல் பலகையை வைத்துப் பிசைந்து காட்டினார். அவர் கையில் மாவு வெண்ணெய் போல் இளகியது. என் கையில் களிமண்ணாயிற்று. நான்கு நாள் பார்த்தார். பிறகு சொன்னார்: “கை பழக மூணு மாசம் ஆகும் தங்கச்சி. கால் அதுவரைக்கும் காத்திருக்குமா?”

நான் பலகையில் ஒட்டிய மாவைச் சுரண்டினேன்.

“மாவு உன்னுது. தண்ணி ஒரே கெணத்துத் தண்ணி. கை மட்டும்தான் என்னுது. காலைல ரெண்டு, ராத்திரிக்கு ரெண்டு. ஆனா மாமாகிட்ட சொல்லிடு.”

“சொல்றேன் அக்கா” என்றேன். சொல்லவில்லை.

மறுநாள் காலை வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு ரொட்டிகள் சுவரைத் தாண்டி என் கைக்கு வந்தன. மாமனாருக்கென்றே புதிதாக ஒரு தவா வாங்கியிருந்தார் அக்கா. “இதுல கறி பட்டதில்ல. பட விடவும் மாட்டேன். குளிச்சிட்டுத்தான் பிசைஞ்சேன்” என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். தம் வீட்டு உணவை ஏற்காத ஒரு மனிதருக்காக, அவருடைய விதிகளை அவர் அறியாமலே கடைப்பிடித்த அந்தப் பெருந்தன்மைக்கு இன்றுவரை எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

கீரைக் கூட்டோடு ரொட்டியை வைத்தேன். மாமனார் ஒன்றைப் பிய்த்தார். அது ஆவியோடு இரண்டு இதழாகப் பிரிந்தது. மென்றார். நான் தூணோடு தூணாக நின்றேன்.

“தேறிட்டியேம்மா” என்றார்.

அந்தப் பாராட்டு என்னைச் சுட்டது போல் வேறெதுவும் சுட்டதில்லை.

அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, நான்கு ரொட்டி. கோதுமையும் மாவுச்சத்துதான், அளவே மருந்து என்று இக்காலத்து மருத்துவர்கள் விளக்குகிறார்கள். அது சரியாகவே இருக்கும். சோற்றுக்கு அளவு தெரியாத அந்த மனிதர் ரொட்டியை எண்ணி உண்டார் என்பதே நான் கண்டது. ஒரு மாதத்தில் புண்ணின் விளிம்பு சிவந்தது. சிவப்பு நல்ல அடையாளம் என்றார் டாக்டர்.

ஆவணியில் அக்காவுக்கு நோன்பு வந்தது. பகல் முழுவதும் நாவில் ஒரு சொட்டு நீரும் படாத மாதம். “இந்த மாசம் வேண்டாம் அக்கா, நானே எப்படியாவது செய்யறேன்” என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “பட்டினி கிடக்கறவளுக்குத்தான் பசி தெரியும். நீ தட்டை நீட்டு” என்றார். உலர்ந்த உதடுகளோடு, நெருப்பின் முன் அமர்ந்து, தாம் உண்ணாத பகல்களில் அவர் இட்ட ரொட்டி ஒருநாளும் தவறவில்லை. மாவை நாவில் வைத்து உப்புப் பார்க்க முடியாது. ஆயினும் உப்பு ஒருநாளும் கூடவில்லை, குறையவில்லை. துணியை என்னிடம் கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: “சொல்லிட்டியா?” என் பதிலும் ஒன்றுதான்: “சொல்றேன்.”

சொல்லியிருந்தால் அவர் உண்ணமாட்டார். உண்ணாவிட்டால் கால் போய்விடும். இதுவே என் கணக்கு. ஆனால் ஒரு மனிதர் அறுபது ஆண்டுகள் காத்த விரதத்தை அவருக்குத் தெரியாமல் உடைப்பதற்கு நான் யார் என்ற கேள்வி, ஒவ்வொரு வேளையும் தட்டைக் கழுவும்போது எழும். புண் ஆற ஆற அந்தக் கேள்வியும் வளர்ந்தது.

மூன்று மாதங்களில் புண் மூடியது. டாக்டர் கட்டை அவிழ்த்துவிட்டு, “நடங்க” என்றார். மாமனார் நடந்தது நேரே ஸ்ரீரங்கத்துக்கு. நான் துணைக்குப் போனேன். காலை பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்தபோது நதி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைகூப்பிக்கொண்டார்.

சேவித்துவிட்டு மெதுவாக வெளியே வந்தோம். துலுக்க நாச்சியார் சந்நிதியருகே, மடப்பள்ளிக் கைங்கர்யம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் எதிரே வந்தார். எங்கள் மண்டிக்கு வந்து போகிறவர்.

“வாங்கோ, வாங்கோ. கால் தேவலையா? நல்ல வேளைக்கு வந்தேள். இந்தாங்கோ, பெருமாள் அமுது செய்த பிரசாதம்.”

வாழையிலைத் துண்டில் சிறிது வெண்ணெய். வெண்ணெயின் கீழே ஒரு துண்டு ரொட்டி.

மாமனார் அதையே பார்த்தார். “ரொட்டிங்களா? பெருமாளுக்கா?”

“நன்னாக் கேட்டேள்! நித்தியம் காலம்பற ரொட்டியும் வெண்ணெயும் உண்டே. நாச்சியார் வந்த நாள்லேந்து நடக்கறது.” அவர் சந்நிதிப் பக்கம் கை காட்டினார். “டில்லியிலேந்து பெருமாளைத் தேடிண்டு வந்த பொண்ணு. புக்காத்துக்கு வந்தவ தன் ஊர்ச் சாப்பாட்டை விட்டுடணுமா என்ன? பெருமாளே அதைச் சாப்பிட ஆரம்பிச்சுட்டார். அப்படித்தான் பெரியவா சொல்லுவா.”

அவர் போய்விட்டார். சுல்தானின் மகள் பெருமாள் மேல் அன்பு வைத்துப் பின்தொடர்ந்து வந்த கதை ஸ்ரீரங்கத்தில் அறியாதவர் இல்லை. சிலையாக இன்றிச் சுவரில் சித்திரமாக இருக்கும் அந்த நாச்சியாரை மாமனாரும் சிறு வயது முதல் வணங்கி வந்தவர்தான். கதையை அறிந்திருந்தார், ரொட்டியை அறிந்திருக்கவில்லை. உலகத்துக்கே படியளப்பவன் தன்னை நம்பி வந்தவளுக்காகத் தன் இலையை மாற்றிக்கொண்டான் என்பதை நாங்கள் இருவரும் அன்றுதான் கேட்டோம். அந்த இடத்தின் கல்லும் தூணும் கூட அன்று எனக்குப் புதியவையாகத் தோன்றின.

மாமனார் ரொட்டித் துண்டைப் பாதியாகப் பிய்த்து என்னிடம் நீட்டினார். என் கை எழவில்லை.

“ஏம்மா, வாங்கிக்கோ.”

“மாமா, நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்” என்றேன். கிணறு, சுவர், துணி, தவா, நோன்பு, எல்லாவற்றையும் சொன்னேன். நின்ற இடத்திலேயே சொன்னேன். பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தம் கையில் இருந்த பாதியை வாயில் இட்டு மென்றார். மறுபாதியை இலையோடு என் கையில் வைத்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார். அவ்வளவே. பாலத்தைத் திரும்பக் கடந்தபோது அவர் நதியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

மாலையில் அக்கா கொடுத்த இரண்டு ரொட்டிகளை முன்னால் வைத்தேன். “வேண்டாம்மா. மோர் மட்டும் கொடு” என்றார். குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மீண்டும் சோறு, மீண்டும் புண், பிறகு ஆஸ்பத்திரி. என் மனம் அந்த வழியை முழுவதும் நடந்து முடித்துவிட்டது.

விடிந்ததும் அக்காவிடம் சொன்னேன். “சொல்லிட்டேன் அக்கா. அவர் சாப்பிடல.”

அக்கா கயிற்றை இழுத்து வாளியைக் கையில் எடுத்தார். “சாப்பிடாட்டி போறாரு. சொன்னது நல்லது. மூணு மாசமா மாவு பிசையறப்ப கை கூசிச்சு எனக்கு” என்றார்.

அப்போது என் பின்னால் காலடி கேட்டது. மாமனார் கொல்லைக்கு வந்துகொண்டிருந்தார். குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, கையில் ஒரு படி நிறையச் சீரகச் சம்பா. நான் விலகினேன். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாகத் திரும்பினார். போக நினைத்தவரை மாமனாரின் குரல் நிறுத்தியது.

“அம்மா, இன்னிக்கு ரொட்டி உண்டுங்களா?”

அக்கா என்னைப் பார்த்தார். “மாவு இருக்குங்க மாமா.”

“இதை வச்சுக்குங்க. போன அறுவடை. நல்ல வாசம்.” படியைச் சுவரின் மேல் வைத்தார்.

“ரெண்டு ரொட்டிக்கு ஒரு படி சம்பாவா? மண்டி தாங்குமா மாமா?”

ஸ்ரீரங்கம் போய் வந்த பின் முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு தெரிந்தது. “நான் சாப்பிட முடியாத அரிசிம்மா. பொங்கற அன்னிக்குப் பின்கதவைத் தொறந்து வையுங்க. வாசம் வந்தாப் போதும்.”

அக்கா உள்ளே போனதும் நான் மாமனாரின் காலில் விழப் போனேன். தடுத்தார்.

“எனக்குத் தெரியும்மா” என்றார். “ஒரு அரிசியைக் கடிச்சு ஊரைச் சொல்றவனுக்கு, ஒரு ரொட்டியில கை தெரியாதா? மூணு மாசம் உப்பு ஒரே அளவுல இருந்துச்சு. உன் சமையல்ல ரெண்டு நாள் சேந்தாப்ல அப்படி இருந்ததுண்டா?”

“அப்பவே கேட்டிருக்கலாமே மாமா?”

“கேட்டா நீ பொய் சொல்லணும். அதான் கேக்கல.”

“நேத்து ஏன் சாப்பிடல?”

அவர் கிணற்றுக்குள் பார்த்தார். “இத்தனை நாள் தெரியாத மாதிரி சாப்பிட்டேன். இனிமே தெரிஞ்சு சாப்பிடணும். பெருமாள் மாத்திக்கிட்டாரு, சரி. நான் மாத்திக்க ஒரு ராத்திரியாவது வேணாமா?”

சற்று நேரத்தில் வெள்ளைத் துணி சுவரைத் தாண்டி வந்தது. அன்று நான் அதை வாங்கவில்லை, அவரே வாங்கினார். கூடத்தில் அமர்ந்து, ஒவ்வொரு துண்டாக, அவசரமின்றி உண்டார். பருக்கையைச் சிந்தாதவர் ரொட்டியின் பொடியையும் விரலால் ஒற்றி எடுத்தார். கை கழுவ எழுந்தபோது என்னை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னிக்கு உப்பு ஜாஸ்தியாப் போச்சு.”

நான் திகைத்தேன். நோன்பு மாதத்தில், நாவில் படாமலே அளவு தப்பாத உப்பு.

“பாவம், கை நடுங்கியிருக்கும்” என்றார். “அந்த அம்மாகிட்ட சொல்லிடாதே.”

அதன் பின் அவர் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். சனிக்கிழமைதோறும் அந்தப் பாதத்தால் நடந்து பெருமாளைச் சேவித்தார். அன்று உப்பு கூடியதை மட்டும் அக்காவிடம் நான் சொல்லவே இல்லை.